டூக்கோ அடிக்காத கார்

2024 ஆகஸ்டில் கலிபோர்னியாவில் ஒரு விஷயம் நடந்தது. நம்ம ஊர்ப் பத்திரிகைகளில் பெரிசாக வரவில்லை. பெபிள் பீச் என்ற கடலோர ஊரில் 1950இலிருந்து பழைய கார்களுக்கு அழகுப் போட்டி நடத்துகிறார்கள். உலகத்துப் பெரும்பணக்காரர்கள் தங்கள் கார்களைக் கொண்டுவந்து நிறுத்தும் புல்வெளி அது. அங்கே முதல் பரிசு வாங்குகிற கார், தொழிற்சாலையிலிருந்து வெளியே வந்த நாளில்கூட அவ்வளவு பளபளப்பாக இருந்திருக்காது. ஆணி, மரை, தையல் ஒன்று விடாமல் புதுசாக்கி, கோடிக்கணக்கில் செலவழித்து, பஞ்சால் ஒற்றி ஒற்றித் துடைத்துக் கொண்டுவருவார்கள். அப்படித்தான் பல பத்தாண்டுகளாக நடந்தது.

அந்த வருஷம் மட்டும் முதல் பரிசு 1934இல் செய்த ஒரு புகாட்டி டைப் 59க்குப் போனது. பெயிண்ட் மங்கி, தேய்ந்து, அங்கங்கே உதிர்ந்த கார். அதை யாரும் புதுப்பிக்கவில்லை; பாதுகாத்தார்கள், அவ்வளவுதான். புதுப்பிக்காமல் வைத்திருந்த கார் ஒன்று அந்தப் போட்டியில் மொத்தத்துக்கும் முதலாவதாக வந்தது அதுதான் முதல் தடவை. பந்தயக் காராகப் பிறந்து, அப்புறம் ரோட்டில் ஓட்டுகிற ஸ்போர்ட்ஸ் காராக மாற்றப்பட்டு, 1938இல் பெல்ஜியம் அரசர் மூன்றாம் லியோபோல்டு கைக்கு வந்த வண்டி. கறுப்பு உடம்பும் மஞ்சள் கோடும் அவர் அடிக்கச் சொன்னது. அந்தக் கறுப்பும் மஞ்சளும்தான் இன்றைக்கும் அதில் இருக்கின்றன.

இதற்கும் அரியலூருக்கும் என்ன சம்பந்தம் என்று கேட்பீர்கள். சொல்கிறேன்.

எங்கள் பக்கம், அதாவது இன்றைய பெரம்பலூர், அரியலூர் மாவட்டங்கள், 1995 வரை திருச்சி மாவட்டம்தான். அந்த வருஷம் பெரம்பலூர் தனியாகப் பிரிந்தது. அரியலூர் 2001இல் பிரிந்து, 2002இல் மறுபடியும் பெரம்பலூரோடு சேர்ந்து, 2007 நவம்பரில் திரும்பவும் தனி மாவட்டமானது. இப்போது இங்கே ஓடுகிற வண்டிகளில் டி.என். 46, டி.என். 61 என்று பார்க்கிறோம். அதற்கு முந்தைய தலைமுறை வண்டிகளெல்லாம் திருச்சியில் பதிவானவை. அந்தக் காலத்தில் இந்த வறண்ட பூமியில் கார் வைத்திருந்த வீடுகளை விரல்விட்டு எண்ணிவிடலாம். ஜமீன் வகையறா, பெரிய மிராசுதார், ஒரு வக்கீல், ஒரு டாக்டர், பஸ் முதலாளி. உடையார்பாளையம், அரியலூர், கொஞ்சம் மேற்கே துறையூர் என்று ஜமீன்கள் இருந்த பகுதி. 1948இல் வந்த எஸ்டேட் ஒழிப்புச் சட்டத்துக்குப் பிறகு ஜமீன் வருமானம் போயிற்று. வருமானம் போனால் முதலில் நிற்பது கார்தான். ஷெட்டில் நின்ற கார் ஒருநாள் காயலான் கடைக்குப் போகும், இல்லாவிட்டால் பின்பக்கத்தை அறுத்துச் சாமான் வண்டியாக்குவார்கள், எஞ்சினைக் கழற்றித் தண்ணீர் இறைக்க வைப்பார்கள். மிஞ்சிய ஒன்றிரண்டுக்கு இப்போது வேறொரு ஆபத்து வந்திருக்கிறது. பேரன்கள் கையில் காசு வந்துவிட்டது. தாத்தா காரைப் 'புத்தம் புதுசா' ஆக்கிப் பார்க்க ஆசைப்படுகிறார்கள்.

இந்த ஆசையைத் தப்பென்று சொல்ல மனசு வரவில்லை. ஆனால் அது என்ன செய்கிறது என்பதைக் கொஞ்சம் விலாவாரியாகப் பார்க்கலாம்.

பெயிண்டிலிருந்து ஆரம்பிப்போம். நம்ம பட்டறைகளில் இன்றைக்கும் 'டூக்கோ அடிக்கிறது' என்பார்கள். அது ஒரு கம்பெனிப் பெயர். அமெரிக்காவின் டூபாண்ட் கம்பெனி 1920களில் கொண்டுவந்த நைட்ரோசெல்லுலோஸ் லேக்கர் வகைப் பெயிண்டுக்கு வைத்த பெயர். அதற்கு முன்னால் காருக்கு அடித்தது குதிரை வண்டிக்கு அடிக்கிற அதே எண்ணெய் வார்னிஷ்தான். ஒரு கோட் காய்ந்த பிறகு தேய்த்து, மேலே இன்னொரு கோட், இப்படியே போய் ஒரு காருக்குப் பெயிண்ட் முடிய மூன்று நாலு வாரம் ஆகும். டூக்கோ வந்ததும் அது மணிக்கணக்கில் முடிந்தது. கார் உற்பத்தியே தலைகீழாக மாறிற்று. ஆக, ஒரு பழைய காரின் மேல் தோலைப் பார்த்தாலே அது வார்னிஷ் காலமா, டூக்கோ காலமா என்று சொல்லிவிடலாம். பிரஷ் ஓடிய தடம் தெரியும். மட்கார்டு ஓரத்தில் சில்லு பெயர்ந்த இடத்தைப் பூதக்கண்ணாடியில் பார்த்தால் முதலில் அடித்த நிறம், அதன்மேல் அடித்தது, அதற்கும்மேல் அடித்தது என்று அடுக்கடுக்காகத் தெரியும். மரத்தின் வளையம் மாதிரி.

பட்டறையில் என்ன நடக்கிறது? முதல் வேலையே அந்தத் தோலை உரிப்பது. உப்புத்தாள் போட்டுத் தேய்ப்பார்கள், மருந்து ஊற்றி உரிப்பார்கள், இல்லாவிட்டால் மணல்வீச்சு இயந்திரம். கோயில் கல்லில் இருந்த எண்ணெய்ப் பிசுக்கையும் சுண்ணாம்பையும் எடுப்பதாகச் சொல்லி மணல் வீசி, கல்வெட்டு எழுத்தையே மழுக்கிய கதை நமக்குத் தெரியும். தொல்லியல்காரர்கள் வருஷக்கணக்கில் கத்தியிருக்கிறார்கள். காரிலும் அதே வேலைதான். மணல் போன பிறகு மிச்சமிருப்பது வெறும் தகடு. பிறகு பட்டி பார்த்து, நெளிவையெல்லாம் நிரப்பி, இன்றைய பாலியூரத்தேன் பெயிண்டை அடிக்கிறார்கள். தண்ணீரில் நனைத்த மாதிரி ஒரு மினுமினுப்பு வரும். 1930இல் அப்படியொரு மினுமினுப்பு உலகத்தில் எந்தக் காருக்கும் கிடையாது.

அதாவது புதுசாக்கிய கார் பழைய நிலைக்குத் திரும்புவதில்லை. இதற்குமுன் இல்லாத ஒரு மூன்றாவது நிலைக்குப் போகிறது. சென்னையிலும் கோவையிலும் பழைய கார் அணிவகுப்புகளை வேடிக்கை பார்க்கப் போயிருக்கிறேன். எல்லாக் கார்களும் ஒரே கல்யாண மண்டபத்திலிருந்து வந்தவை மாதிரி இருக்கும். கண்ணுக்குக் குளிர்ச்சிதான், மறுக்கவில்லை. எதன் அருகே போய் நின்றாலும் 'இந்த வண்டி என்னென்ன பார்த்தது' என்று மட்டும் தெரியாது.

பித்தளை விஷயம் இன்னும் வேடிக்கை. 1920களின் கடைசி வரைக்கும் கார்களில் குரோம் கிடையாது, நிக்கல் முலாம்தான். ரேடியேட்டர் கூடு, ஹெட்லைட் வளையம் எல்லாம் பித்தளையில் செய்து மேலே நிக்கல் பூசியிருப்பார்கள். நம்ம வீடுகளில் குத்துவிளக்கு தேய்க்கிற கை சும்மா இருக்குமா? ஆயுத பூஜைக்கு ஆயுத பூஜை புளி போட்டுத் தேய்த்துத் தேய்த்து நிக்கல் போய்ப் பித்தளை வந்துவிடும். பிறகு வருகிறவர்கள் அந்தக் காருக்குப் பித்தளைதான் அசல் என்று நினைத்து, மற்ற இடத்தில் மிஞ்சியிருந்த நிக்கலையும் சுரண்டிவிடுவார்கள். ஒரு தப்பு இன்னொன்றுக்குச் சாட்சியாகிவிடுகிறது.

இனி கஷ்டமான கேள்வி. 'அசல்' என்றால் எந்த நாள் அசல்? தொழிற்சாலையிலிருந்து வந்த நாளா, கடைசியாக ஓடிய நாளா? மேலே சொன்ன புகாட்டியையே எடுங்கள். அது பிறந்த உருவத்தில் இல்லை. பந்தயக் காராகப் பிறந்து, மாற்றப்பட்டு, நிறம் மாறி வந்தது. நடுவர்கள் அந்த மாற்றத்தையெல்லாம் சேர்த்துத்தான் அதன் வரலாறு என்று ஏற்றுக்கொண்டார்கள். கறுப்பைச் சுரண்டி பந்தய நிறத்தை மீட்டிருந்தால் ஒரு அரசர் அந்தக் காரோடு வாழ்ந்த காலம் காணாமல் போயிருக்கும்.

இதே கேள்வி இங்கிலாந்தில் கோர்ட்டு வரைக்கும் போயிருக்கிறது. 'ஓல்டு நம்பர் ஒன்' என்று ஒரு பென்ட்லி. 1929இலும் 1930இலும் லெ மான் 24 மணி நேரப் பந்தயத்தில் ஜெயித்த வண்டி. பந்தயத்துக்குப் பந்தயம் பாகங்களை மாற்றினார்கள், பிறகு உடம்பையும் மாற்றினார்கள். கடைசியில் முதல் நாள் இருந்த பாகங்களில் மிகக் கொஞ்சம்தான் மிச்சம். அதை ஒரு கோடி பவுண்டுக்கு வாங்க ஒப்புக்கொண்டவர்கள், 'இது அந்தக் காரே இல்லை' என்று பின்வாங்கினார்கள். 1990இல் நீதிபதி விற்றவர் பக்கம் தீர்ப்புச் சொன்னார். பாகங்கள் மாறியிருந்தாலும் அந்தக் காரின் வரலாறு எங்கேயும் அறுபடவில்லை, ஒரே தொடர்ச்சியாக வந்திருக்கிறது, ஆகவே அதுதான் இது என்பது தீர்ப்பின் சாரம்.

இதைப் படித்தபோது எனக்கு நினைவுக்கு வந்தது சாத்தனூர். பெரம்பலூர் மாவட்டத்தில் ஆலத்தூர்ப் பக்கம் இருக்கிற கல்மரத்தைப் பார்த்திருப்பீர்கள். பள்ளிக்கூடத்தில் கூட்டிக்கொண்டு போயிருப்பார்கள். புவியியல் ஆய்வுத் துறையைச் சேர்ந்த எம்.எஸ். கிருஷ்ணன் 1940இல் கண்டறிந்தது. 18 மீட்டர் நீளம், சுமார் 12 கோடி ஆண்டு வயசு. அதில் மரம் என்று ஒரு துளிகூட இல்லை, முழுக்கக் கல். ஆனாலும் மரம் என்கிறோம். பொருள் மாறினாலும் உருவம் மாறவில்லை, கிடக்கிற இடமும் அதேதான். அந்தப் பென்ட்லிக்குத் தீர்ப்புச் சொன்ன நீதிபதி சாத்தனூருக்கு வந்திருந்தால் சந்தோஷப்பட்டிருப்பார்.

ஆனால் ஒரு வித்தியாசம். கல்மரத்தில் மாற்றம் தானாக, மெதுவாக, ஒன்று போன இடத்தில் ஒன்றாக நடந்தது. பென்ட்லியிலும் ஓடுகிற காலத்தில், தேவைக்காக நடந்தது. ஓட்டமெல்லாம் முடிந்து எண்பது வருஷம் கழித்து ஒருவர் வந்து ஒரே மாசத்தில் எல்லாவற்றையும் மாற்றுவதை இந்தக் கணக்கில் சேர்க்க முடியாது என்பது என் கட்சி.

பழைய வாகனங்களுக்கான உலகக் கூட்டமைப்பு ஃபிவா. அது 2012இல் தூரின் சாசனம் என்று ஒன்றை ஏற்றுக்கொண்டது. நினைவுச் சின்னங்களுக்கான 1964 வெனிஸ் சாசனத்தின் வழியில் எழுதப்பட்டது. அதன் சாரம் ரொம்ப எளிமை. இருப்பதை இருக்கிறபடி காப்பது முதலில். மேலும் கெடாமல் தடுக்கிற வேலை அடுத்தது. புதுப்பிப்பது கடைசி வழி, அதிலும் செய்ததையெல்லாம் எழுதிவைக்கவேண்டும். பிலடெல்பியாவில் பந்தயக் கார்களுக்கென்று ஒரு மியூசியம் வைத்த ஃபிரெட் சிமியோனும் இதையே வாழ்நாள் முழுக்கச் சொன்னார். அவர் தொழிலால் மூளை அறுவைச் சிகிச்சை நிபுணர். எங்கே கத்தி வைக்கக்கூடாது என்பது தெரிந்த மனுஷர் என்று நினைத்துக்கொள்வேன்.

காசுக்கணக்கும் இந்தப் பக்கம் திரும்பிவிட்டது. 2015 பிப்ரவரியில் பாரிஸில் பையோன் என்ற குடும்பத்தின் கார்களை ஏலம் விட்டார்கள். மேற்கு பிரான்சில் ஒரு பண்ணையில் பல பத்தாண்டுகளாகக் கிடந்தவை. அதில் ஒரு 1961 ஃபெராரி. நடிகர் ஆலன் டெலோன் ஒரு காலத்தில் வைத்திருந்தது. பழைய பத்திரிகைக் கட்டுகளுக்கு அடியில் தூசியோடு கிடந்தது. அந்தத் தூசியோடேயே ஏலத்துக்கு வந்து 1 கோடியே 63 லட்சம் யூரோவுக்குப் போனது. யாரும் கழுவிக்கூட வைக்கவில்லை.

இந்தியாவுக்கு வருவோம். ஹைதராபாத் சௌமஹல்லா அரண்மனையில் நிற்கும் மஞ்சள் நிற ரோல்ஸ் ராய்ஸைப் பலர் பார்த்திருப்பீர்கள். ஆறாம் நிஜாம் மெஹபூப் அலி கான் ஆர்டர் கொடுத்த சில்வர் கோஸ்ட். குவிமாடம் மாதிரிக் கூரை, உள்ளே சிம்மாசனம் போல உயர்ந்த இருக்கை. கார் வந்து சேருவதற்குள் 1911இல் அவர் காலமாகிவிட்டார். அது மொத்தமாக ஓடியது வெறும் 356 மைல் என்கிறார்கள். இவ்வளவு குறைவாக ஓடிய கார், தொடாமல் காத்திருந்தால் உலகத்திலேயே அபூர்வமான ஆவணமாக இருந்திருக்கும். ஆனால் பத்தாண்டுக் கணக்கில் கவனிப்பார் இல்லாமல் கிடந்து சீரழிந்தது. கடைசியில் முழுக்கப் புதுப்பிக்கத்தான் வேண்டியிருந்தது. அந்த நிலைக்கு வந்த காரைப் புதுப்பித்ததை நான் குறை சொல்லமாட்டேன். இங்கே நடந்த இழப்பு பட்டறையில் நடந்ததல்ல, அதற்கு முன்னால் ஷெட்டில் நடந்தது. சும்மா விட்டுவைப்பதும் பாதுகாப்பதும் ஒன்றில்லை என்பதற்கு இந்த 356 மைல் கார்தான் சாட்சி.

நம்ம தமிழ்நாட்டில் ஊருக்கே நம்பர் தெரிந்த கார்கள் இரண்டு. ஒன்று காமராஜர் போய்வந்த எம்.டி.டி. 2727 செவர்லே. வெகுகாலம் ஓடாமல் நின்று, சில வருஷங்களுக்கு முன்தான் புதுப்பிக்கப்பட்டு சென்னை காமராஜர் அரங்க வளாகத்தில் இருக்கிறது. இன்னொன்று தி.நகர் ஆற்காடு தெரு நினைவு இல்லத்தில் நிற்கும் எம்.ஜி.ஆரின் டி.எம்.எக்ஸ். 4777 அம்பாசடர். அம்பாசடர் சொகுசுக் கார் ரகமில்லைதான். ஆனால் அந்த இல்லத்துக்கு வருகிற ஜனங்கள் அதன் முன்னால் நிற்கிற விதத்தைப் பார்க்கவேண்டும். பெயிண்ட் எப்படி இருக்கிறது என்று யாரும் பார்ப்பதில்லை. சீட்டைத்தான் பார்க்கிறார்கள். 'இங்கதான் உட்கார்ந்திருப்பாரு.' சீட்டுத் துணி மாறிவிட்டால் அந்த வாக்கியம் பொய்யாகிவிடும்.

இவ்வளவும் எழுதக் காரணம் ஒரு நண்பர். ஜெயங்கொண்டம் பக்கம். அவர் தாத்தா மிராசுதார். 1930களின் ப்யூக் ஒன்று மாட்டுக்கொட்டகையை ஒட்டிய ஷெட்டில் நிற்கிறது. தை மாசம் பெண்ணுக்குக் கல்யாணம். போன் போட்டு, "திருச்சியில நல்ல பெயிண்டர் யாராச்சும் தெரியுமாப்பா? வெள்ளை அடிச்சு பொண்ண அதுல அனுப்பலாம்னு இருக்கேன்" என்றார். அடுத்த ஞாயிற்றுக்கிழமையே கிளம்பிப் போனேன்.

அந்தக் காலத்தில் ஜெனரல் மோட்டார்ஸ் பம்பாயில் 1928இலிருந்து பாகங்களைக் கொண்டுவந்து கார் பூட்டி விற்றது. இதுவும் அப்படி வந்ததாக இருக்கலாம். டேஷ்போர்டுக்குக் கீழே, விற்ற கடையின் பித்தளைத் தகடு திருகு கழலாமல் இருந்தது. இரண்டு மணி நேரம் டார்ச் அடித்துப் பார்த்ததில் எனக்கு முக்கியமாகப் பட்டவை மூன்று. ஹெட்லைட் கண்ணாடியின் மேல்பாதியில் கறுப்புப் பெயிண்டின் மிச்சம்: இரண்டாம் உலகப்போரில் வெளிச்சம் வானத்துக்குத் தெரியாமலிருக்க அடிக்கச் சொன்னது. பின்பக்கத் தகட்டில் வரிசையாக நாலு ஓட்டை. பெட்ரோல் ரேஷன் காலத்தில் கார்களிலும் பஸ்களிலும் கரிவாயு அடுப்பை மாட்டினார்கள் இல்லையா, அந்தச் சட்டத்தின் போல்டு ஓட்டையாகத்தான் இருக்கவேண்டும். மூன்றாவது, ஸ்டீயரிங்குக்கு நேர் மேலே காய்ந்து மரப்பட்டையாகிப்போன சந்தனம், குங்குமம். எத்தனை ஆயுத பூஜையோ.

பட்டறைக்கு அனுப்பினால் முதல் நாளே போகப்போவது இந்த மூன்றும்தான். கறுப்பை அழுக்கு என்று துடைப்பார்கள். ஓட்டையை ஈயம் வைத்து அடைப்பார்கள். சந்தனத்தைத் தண்ணீர் போட்டுக் கழுவுவார்கள். யாரும் கெட்ட எண்ணத்தில் செய்யமாட்டார்கள், நல்ல வேலைக்காரன் செய்கிற வேலையே அதுதான். ஆனால் ஜெயங்கொண்டம் வட்டாரத்தில் 1942ஐ நேரில் பார்த்த பொருள் வேறென்ன இருக்கிறது? தாலுகா ஆபீஸ் கட்டு ஒன்று இருக்கலாம்.

நண்பருக்குப் புரிந்தது. அவர் வீட்டம்மாவுக்கு என் பேச்சு பிடிக்கவில்லை. "அண்ணே, நீங்க சொல்றது எல்லாம் சரிதான். துருப்பிடிச்ச கார்ல பொண்ண அனுப்பினா சம்பந்தி வீட்டுல என்ன நினைப்பாங்க?" என்றார். இதற்கு ஃபிவா சாசனத்தில் பதில் இல்லை. பெரம்பலூரிலிருந்து கூட்டிப்போயிருந்த மெக்கானிக் ஒரு யோசனை சொன்னார். "பிரேக்கு, டயரு, ஒயரு மூணும் நான் பார்த்துக் குடுக்கறேன் சார். ஓடட்டும். தோலைத் தொடவேண்டாம். பூ அலங்காரம் பண்ணிட்டா எந்தக் கண்ணுக்குத் துரு தெரியும்?" இன்னும் முடிவாகவில்லை. நான் அதற்குமேல் வற்புறுத்தவில்லை, அது அவர்கள் வீட்டுக் கார், அவர்கள் வீட்டுக் கல்யாணம்.

மெக்கானிக் சொன்னதில் ஒரு முழுத் தத்துவமே இருக்கிறது. டயர், டியூப், பெல்ட், ஹோஸ், பிரேக் லைனிங், ஒயர் இவையெல்லாம் தேய்வதற்கென்றே செய்தவை. மாற்றலாம், மாற்றத்தான் வேண்டும். பழைய டயரோடு ரோட்டுக்குப் போவது பாதுகாப்பு ஆகாது, தற்கொலை. ஆனால் கழற்றியதை எறியக்கூடாது. துணி சுற்றிய பழைய ஒயரைச் சுருட்டி, எங்கிருந்து எடுத்தது, எந்தத் தேதியில் என்று சீட்டு எழுதி டப்பாவில் போட்டு, காரோடேயே வைக்கவேண்டும்.

இதை நான் புதுசாகச் சொல்லவில்லை. உ.வே.சாமிநாதையர் ஏடுகளுக்குச் செய்தது இதுதான். சின்ன வயசில் எங்கள் அரியலூரில் சடகோபையங்காரிடம் தமிழ் கேட்டவர் அவர். பிறகு ஏடு தேடி ஊர் ஊராக அலைந்து அச்சுக்குக் கொண்டுவந்தபோது, ஒரு பிரதியில் ஒன்றும் இன்னொன்றில் வேறுமாக இருந்தால் பாடபேதத்தைக் காட்டினார். சிதைந்த இடத்தில் தானே ஒரு சொல்லைப் போட்டு நிரப்புகிற புலமை அவருக்கு இல்லாமலா? புள்ளி வைத்து விட்டார். புறநானூற்றில் 267, 268ஆம் பாட்டுகள் கிடைக்கவில்லை. அந்த இடம் இன்றைக்கும் காலியாகத்தான் அச்சாகிறது. எது கிடைத்தது, எது தொலைந்தது என்று நூறு வருஷம் கழித்தும் நமக்குத் தெரிவது அதனால்தான். அந்த நாலு போல்டு ஓட்டையும் எனக்கு அந்தப் புள்ளிகள் மாதிரிதான் படுகின்றன.

நடைமுறை விஷயம் கொஞ்சம். எங்கள் பக்கத்துக் காற்றில் சிமெண்ட் இருக்கிறது. சுண்ணாம்புக்கல் சுரங்கமும் ஆலைகளும் லாரிகளும் நிறைந்த பூமி. ஷெட்டில் நிற்கும் காரின் மேல் படிகிற இந்தத் தூசி சாதாரணத் தூசியில்லை, காரத்தன்மை உள்ளது. மார்கழிப் பனியில் நனைந்தால் இறுகிப் பெயிண்டைத் தின்னும். காய்ந்த துணியால் துடைத்தால் உப்புத்தாள் மாதிரிக் கீறும். மெல்லிய பிரஷ்ஷால் தட்டி, நிறையத் தண்ணீரில் ஊறவைத்துத்தான் எடுக்கவேண்டும், அதுவும் பெயிண்ட் உதிராத இடத்தில் மட்டும். மேலே போர்த்துவதற்குத் தார்ப்பாய் கூடாது. அடியில் வேர்த்து, மூடினதே வினையாகும். பழைய பருத்தி வேட்டி, போர்வை போதும். தோல் சீட்டுக்குத் தேங்காய் எண்ணெய் தடவுகிற பழக்கம் இருக்கிறது. அது சிக்குப் பிடித்துப் பூஞ்சை பூக்கும். சீட்டுக்குள் குதிரை மயிரோ தேங்காய் நாரோ திணித்திருப்பார்கள், எலிக்கு அதைவிடச் சொர்க்கம் கிடையாது. உடம்புக்கு உள்ளே மரச்சட்டம் இருக்கும், தரையிலிருந்து ஏறுகிற கரையான் அதைத் தின்றுவிட்டுத் தகட்டை மட்டும் விட்டுவைக்கும். வெளியிலிருந்து பார்த்தால் கார் நிற்கும், கதவைத் திறந்தால் கையோடு வரும்.

பல வருஷம் நின்ற எஞ்சினை ஆர்வத்தில் பேட்டரி மாட்டி ஸ்டார்ட் பண்ணக்கூடாது. பிளக்கைக் கழற்றிச் சிலிண்டருக்குள் எண்ணெய் விட்டு, சில நாள் ஊறவைத்து, ஹேண்டில் போட்டுக் கையால் மெதுவாகச் சுற்றிப் பார்க்கவேண்டும். டேங்கில் கிடக்கிற பழைய பெட்ரோல் கோந்தாகியிருக்கும்.

சட்டம் என்ன சொல்கிறது என்று பலருக்குத் தெரியாது. 2021 ஜூலையில் மத்திய மோட்டார் வாகன விதிகளில் பழங்கால வாகனங்களுக்கென்று திருத்தம் வந்தது. முதலில் விற்று 50 வருஷத்துக்கு மேலான, சொந்த உபயோகத்துக்கான கார், மோட்டார் சைக்கிள் இதில் வரும். நிபந்தனையைக் கவனியுங்கள்: அசல் வடிவத்தில் இருக்கவேண்டும், சேசிஸிலோ உடம்பிலோ எஞ்சினிலோ பெரிய மாற்றம் நடந்திருக்கக்கூடாது. ஏற்கெனவே பதிவான வண்டி பழைய நம்பரையே வைத்துக்கொள்ளலாம்; புதிதாகப் பதிபவர்களுக்கு மாநில எழுத்துக்குப் பின் 'வி.ஏ.' என்று வரும் தனி வரிசை. புதுப் பதிவுக்கு 20,000 ரூபாய், 10 வருஷத்துக்குச் செல்லும், மறுபதிவுக்கு 5,000. கண்காட்சி, அணிவகுப்பு, ஆராய்ச்சி, பெட்ரோல் போட, ரிப்பேருக்கு என்று மட்டும் ரோட்டில் எடுக்கலாம், தினசரி ஓட்டமும் வாடகையும் கூடாது. கூரையை அறுத்துத் திறந்த காராக்கி 'ராஜா கார்' என்று காட்டுகிறவர்கள் இந்த விதியை ஒருதரம் படித்துப்பார்க்கலாம். பழைய நம்பரை வைத்துக்கொள்ளலாம் என்பதுதான் எனக்கு இதில் பிடித்த வரி. திருச்சி மாவட்டத்து நம்பர் தாங்கிய ஒரு தகடு, மாவட்டம் மூன்று துண்டாகிப் பெயர் மாறின பிறகும் ஜெயங்கொண்டத்தில் அப்படியே இருக்கலாம் என்கிறது அரசாங்கம்.

கார் இல்லாத வீடுகளுக்கும் இதில் ஒரு வேலை இருக்கிறது. இந்தக் கார்களை ஓட்டியவர்கள் முதலாளிகள் இல்லை, டிரைவர்கள். எந்தக் கியர் முரண்டு பிடிக்கும், கொள்ளிடத்தில் தண்ணீர் வந்தால் எந்த வழியாகச் சுற்றிப் போனார்கள், கார்பரேட்டருக்குள் என்ன பாகத்தைத் திருச்சிப் பட்டறையில் கடைந்து போட்டார்கள் என்பதெல்லாம் அவர்களுக்குத்தான் தெரியும், எந்த ஆர்.சி. புத்தகத்திலும் கிடையாது. கடைசியாக இருப்பவர்களுக்கு எண்பது தாண்டியிருக்கும். நண்பர் வீட்டு ப்யூக்கை ஓட்டியவரின் மகன் உடையார்பாளையத்தில் இருக்கிறார் என்று அந்த மெக்கானிக் சொன்னார். அப்பா வைத்திருந்த சாவிக்கொத்தும், எண்ணெய்க் கறை படிந்த ஒரு நோட்டும் அவரிடம் இருக்கிறதாம். அடுத்த வாரம் போகிறேன்.